மலைநாட்டுப் பள்ளிகளில் தேகப் பயிற்சி

நீலகிரியிலே பள்ளிக்கூடம் அமைப்போர்க்கு முதற்கண் நேரும் இடர் சமநிலம் கிடையாமையாம். சரிவை வெட்டித் தளம் நிரப்பிக் கட்டடத்தை எழுப்பியபின் எஞ்சும் இடம் பலவிடங்களில் ஒரு சிறு முற்றமே. கீழ்நாட்டுப் பள்ளிகளின் பரந்த மைதானத்தை மனத்திற்கொண்டு நோக்குவோர், "இங்கே தேகப் பயிற்சிக்கு இடமேது?" என்று கைவிரித்து விடுகின்றனர். வேறு சிலரோ, "நாள்தோறும் ஏற்றமும் இறக்கமும் நடந்து பள்ளிக்கு வரும் மலைப்பிள்ளைகட்குத் தனியே பயிற்சி எற்றுக்கு?" என்று வினவுகின்றனர். இவ்விரு கூற்றுக்களும் தம்முள் மாறுபட்டனவாயினும் முடிவில் ஒன்றுபடுகின்றன. கால அட்டவணையில் தேகப் பயிற்சிக்கென்று குறித்த மணி கணிதத்திற்கோ விஞ்ஞானத்திற்கோ கொடுக்கப்படுகின்றது. தேர்வு நெருங்குங்கால் முற்றும் மறைந்தே போகின்றது.

நம் கலாசாலையிற் பயின்று வெளியேறுவோருள் உபாத்திமைத் தொழிலை மேற்கொள்வோர் பலராதலின், இவ்விரு கூற்றுக்களும் பொருந்துமா என்பதை ஆராய்ந்து, தேகப் பயிற்சியின் அடிப்படைகள் இவை என்பதையும், குறுகிய முற்றத்தில் அதனை நடத்துமாறு எங்ஙனம் என்பதையும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

தேகப் பயிற்சி என்பது யாது?

பந்தயத்தில் பரிசு பெறுதலே தேகப் பயிற்சியென்று எண்ணுதல் பிழை. பள்ளியில் நூறு பிள்ளைகள் இருப்பின் பரிசு பெறுவோர் ஐவரோ அறுவரோதான். ஏனையோர் வேலியோரம் நின்று கைதட்டுதலையே பயின்றவராவர். பள்ளிக்குரிய தேகப் பயிற்சி, நூற்றுவருக்கும் உடலை இயக்கக் கற்பிக்கும் ஒரு பாடம்.

உடலின் இயக்கங்களை மூவகையாகப் பகுத்துக் கூறுவர். இடம்பெயர்ந்து செய்வன முதல் வகை. நடத்தல், ஓடல், தாவல், ஏறல் என்பன இதன்பாற்படும். நிலைகொண்டு உடலைச் சமனாக நிறுத்திச் செய்வன இரண்டாம் வகை. வளைதல், திரும்புதல், ஒற்றைக்காலில் நிற்றல், உருளுதல் என்பன இதில் அடங்கும். பொருளைக் கையாளுவன மூன்றாம் வகை. எறிதல், பிடித்தல், அடித்தல், உதைத்தல் முதலியன அவை. எழுத்தறியாதான் நூல் பயிலுதல் எங்ஙனம் கூடாதோ, அங்ஙனமே இவ்வியக்கங்களை இளமையிற் கல்லாதான் பிற்காலத்து எவ்விளையாட்டிலும் கலந்துகொள்ளுதல் அரிது. எட்டு வயதிலே பந்தைப் பிடிக்கக் கற்றுக் கொடுக்கப்படாத சிறுமி, பதினைந்து வயதிலே பந்து வரும் திசையினின்றும் முகத்தைத் திருப்பிக் கொள்கிறாள். அவளுக்கு விளையாட்டில் விருப்பமில்லையென்று நாம் முடிவு கட்டிவிடுகின்றோம். உண்மையில் அவளுக்கு அரிச்சுவடியே கற்பிக்கப்படவில்லை.

இவ்வியக்கங்கள் வயது ஏற ஏறத் தாமே முற்றி வருவன என்று கருதுதலும் கூடாது. விழுந்துவரும் பந்து ஒன்றைப் பிடிக்குங்கால், அதன் வேகத்தைக் கண் அளக்கின்றது. தலையின் சாய்வை உட்செவியிலுள்ள கருவி உணர்த்துகின்றது. கைகள் எங்கே நிற்கின்றன என்பதைத் தசைகளிலும் மூட்டுக்களிலுமுள்ள நரம்பு முனைகள் அறிவிக்கின்றன. இம்மூன்று செய்திகளையும் இணைத்து, செய்த பிழையைக் கண்டு அடுத்தமுறை திருத்துதற்குச் சிறுமூளை பெரிதும் துணைபுரிகின்றது. பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் விளைவைக் கண்டு திருத்திக் கொண்டாலன்றி இத்திறம் அமையாது. ஆகவே இது கல்வியே. கல்விக்குரிய முறையும் ஆசிரியரும் காலமும் இதற்கும் வேண்டும்.

டிரில் மறைந்து விளையாட்டு வந்த வரலாறு

பள்ளிகளில் உடற்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் முயற்சி ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. ஜெர்மானியராகிய குட்ஸ்மூட்ஸ் என்பார் இளைஞரின் உடற்பயிற்சியைப் பற்றி 1793-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1811-இல் யான் என்பார் பெர்லின் நகர்ப்புறத்தே திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை நிறுவினார். 1813-இல் ஸ்வீடனிலே லிங் என்பார் ஸ்டாக்ஹோம் நகரில் பயிற்சிக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். இவற்றுள் யானின் முயற்சி தாய்நாட்டைப் பாதுகாக்கும் நோக்கத்தோடு கூடியது. லிங்கின் முறை உடலுறுப்புக்களை அளவோடு அசைக்கும் கட்டளைப் பயிற்சி.

நீலகிரியில் இதன் சாயலைக் காண்பது எளிது. வெல்லிங்டன் படைவீரர் குடியிருப்பு இம்மலையிலே அமைந்தது. 1847-இல் சனாவரில் பள்ளி நிறுவிய ஸர் ஹென்றி லாரன்ஸ் 1857-இல் லக்னோவில் உயிர் துறந்தார். அவர் பெயரால் மறு ஆண்டாகிய 1858-இலே படைவீரர் பிள்ளைகளுக்கென்று உதகையில் தொடங்கப்பெற்றதே பின்னர் லவ்டேலில் நிலைபெற்ற லாரன்ஸ் பள்ளி. அக்காலத்தில் இந்தியப் பள்ளிகள் பலவற்றிலும் தேகப் பயிற்சி என்றால் டிரில் என்பதே பொருள். படையிலிருந்து ஓய்வு பெற்றோர் டிரில் மாஸ்டராக அமர்ந்தனர். பிள்ளைகள் வரிசையில் நின்று கட்டளைக்கு இணங்கிக் கைகால்களை உயர்த்தித் தாழ்த்தினர். ஒழுங்கு கிடைத்தது, எனினும் சிந்தித்தலும் தேர்தலும் மகிழ்தலும் அதன்கண் மிகக் குறைவு.

சென்னை மாகாணத்தில் இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.ஸி.ஏ. சார்பில் தேகப்பயிற்சி ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளியை நிறுவினார். அதுவே வளர்ந்து இன்று நந்தனத்தில் விளங்கும் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-இல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. 1943-இல் இறக்கும் வரையில் அவர் வலியுறுத்தி வந்தது, தேகப்பயிற்சி ஆசிரியர் கட்டளையிடும் படைத்தலைவராக நில்லாது, பிள்ளைகளின் வளர்ச்சியை அறிந்து கற்பிக்கும் ஆசிரியராக விளங்க வேண்டுமென்பதே. ஆவி, அறிவு, உடல் என்னும் மூன்றையும் ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கங்களாகக் காட்டும் ஒய்.எம்.ஸி.ஏ. சின்னம் இக்கருத்தையே உணர்த்தும்.

அச்சங்கத்தின் வரலாற்றில் மலைநாட்டார்க்கு இனிய செய்தி ஒன்றுண்டு. 1891-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்பீல்டு நகரில், வெளியே குளிர் கடுமையாயிருந்தமையால் மாணாக்கர் கூடத்துக்குள்ளேயே அடைபட்டனர். டிரில் செய்து சலித்த அவர்கட்குப் புதிய விளையாட்டொன்றை அமைக்குமாறு ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பணிக்கப்பட்டார். அவர் பழக்கூடைகள் இரண்டை மேலே அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதிக் கொடுத்தார்; அதுவே பாஸ்கட்பால். 1895-இல் அருகிலுள்ள ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் என்பார் வாலிபாலை அமைத்தார். உலகெங்கும் பரவிய இவ்விரு விளையாட்டுக்களும், இடம் குறுகியதும் வானிலை கொடியதுமாகிய சூழலில், ஆசிரியரின் அறிவினாற் பிறந்தவை என்பதை உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ளோர் மறத்தலாகாது.

மலையும் மூச்சும்

மலைப்பள்ளியின் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய மற்றொன்று காற்றின் இயல்பு. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் நூற்றுக்கு இருபத்தொன்றே. ஆனால் உயரம் ஏறக் காற்றின் அழுத்தம் குறைதலால், ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயு குறைகின்றது. உதகையில் இக்குறைவு கடற்கரையை நோக்க ஏறக்குறையக் கால் பங்கு. குன்னூரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

இதன் விளைவை உலகம் 1968-ஆம் ஆண்டில் கண்ணாரக் கண்டது. அவ்வாண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்ற மெக்ஸிகோ நகரம் உதகையின் உயரத்திலேயே உள்ளது. 10,000 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர், உயர்நிலத்து நாடாகிய கென்யாவைச் சார்ந்த நப்தாலி டெமு. அவர் எடுத்துக்கொண்ட காலம் 29 நிமிடம் 27.4 வினாடி. அக்காலத்து உலகச் சாதனையோ ஆஸ்திரேலியராகிய ரான் கிளார்க் ஏற்படுத்திய 27 நிமிடம் 39.4 வினாடி. அந்த ரான் கிளார்க்கே மெக்ஸிகோவில் ஓடி முடித்ததும் மயங்கி வீழ்ந்தார். அதே நகரில், மூச்சை நம்பி நீண்ட நேரம் நில்லாத நீளத் தாண்டலில், பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டி முந்தைய சாதனையை 55 சென்டிமீட்டரால் விஞ்சினார். மெல்லிய காற்றும், விதிக்குட்பட்ட பின்காற்றும் அவர்க்குத் துணை செய்தன.

இதிலிருந்து ஆசிரியர் கொள்ள வேண்டிய பாடம் தெளிவு. மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும், சமவெளியிலிருந்து சென்ற வாரம் வந்து விடுதியிற் சேர்ந்த பிள்ளைக்கும் ஒரே ஓட்டத்தை விதித்தல் நேர்மையன்று. புதிதாய் வந்த பிள்ளையின் உடல் முதலில் மூச்சையும் நாடியையும் விரைவாக்கிக் குறையை ஈடுசெய்கின்றது. பின்னர் வாரங்கள் செல்லச்செல்லக் குருதியிற் செவ்வணுக்களைப் பெருக்குகின்றது. ஆதலின் முதல் இரண்டு வாரங்களிலேனும் அப்பிள்ளைக்கு நீண்ட ஓட்டத்தைக் குறைத்து, இடையிடையே ஓய்வு தருதல் வேண்டும். ஓடும்போதே ஒரு முழு வாக்கியம் பேசக்கூடுமாயின் ஓட்டம் அளவோடு உள்ளது. சொல் துண்டுபடுமாயின் நடைக்குத் திரும்பச் செய்க. இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. டிசம்பர், ஜனவரி மாதத்து உறைபனிக் காலையில் தசைகள் இறுகியிருக்குமாதலின், தொடக்கப் பயிற்சியைச் சற்று நீட்டுதலும் தகும்.

நடையும் உழைப்பும் போதாவோ?

இனி இரண்டாம் கூற்றை ஆராய்வோம். மலைப்பிள்ளைகள் நடக்கின்றனர், அதனால் அவர்தம் கால்களும் மூச்சும் வலிமை பெறுகின்றன, இதனை மறுப்பாரில்லை. ஏற்றத்தில் தொடைத்தசை சுருங்கி உடலை மேலே தூக்குகின்றது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றது. இறக்கம் எளிதென்று எண்ணிய விருந்தினர் மறுநாள் கால்வலியால் வருந்துதல் இது பற்றியே. ஆயின் இந்நடை, முன்னர்க் கூறிய மூவகையுள் ஒன்றன் ஒரு பகுதியையே பயிற்றுகின்றது. எறிதலும் பிடித்தலும் இங்கே தாமே வருவனவல்ல. சரிவில் நழுவிய பந்து பள்ளத்தாக்கிற் போய் விழுமாதலின் பந்தாடும் வாய்ப்பே பிள்ளைகட்குக் குறைவு. முழுவேகத்தில் ஓடித் திடீரென்று திரும்புதற்கும் சமநிலம் இல்லை. இடம் எதனைத் தரவில்லையோ அதனைத் தருவதே பள்ளியின் கடமை.

தேயிலைத் தோட்டத்து உழைப்பைப் பற்றியும் இதுவே கூறத்தக்கது. கொழுந்து பறிக்கும் தாய்மாரின் விரல்கள் வியக்கத்தக்க விரைவுடையன. எனினும் அவ்வேலை ஒரே அசைவை நாள் முழுதும் பன்னூறுமுறை செய்விக்கின்றது. முதுகும் தோளும் அதனால் தேய்கின்றன. உடலைப் பல்வேறு வகையாக இயக்கி, எவ்வுறுப்பும் பிறிதொன்றற்கு அடிமையாகாவண்ணம் வளர்ப்பது தேகப் பயிற்சி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகட்குக் கல்வி வசதியையும் தொழிலாளர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் பொழுதுபோக்கு வசதியையும் தோட்டத்தார் அளிக்குமாறு விதிகள் செய்ய இடந்தந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப்பின் இலங்கையினின்று வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இம்மலையில் அரசினர் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் இன்று நம் பள்ளிகளில் அமர்ந்திருக்கின்றனர். உழைப்பாளியின் பிள்ளைக்கு உழைப்பே போதும், செல்வர் பிள்ளைக்கே விளையாட்டு என்னும் எண்ணம் நம் உள்ளத்தின் ஒரு மூலையிலேனும் இருக்குமாயின், அதனைக் களைதல் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் விளையாட்டிடத்தையும் விளையாட்டுப் பொருள்களையும் பள்ளிக்குரியனவாகவே குறித்துள்ளது.

இம்மலையின் பழங்குடிகள் உழைப்பையும் விளையாட்டையும் வேறு பிரித்தே வைத்திருந்தனர் என்பதும் கருதத்தக்கது. எருமை மேய்த்து வாழ்ந்த தோதவர், கனத்த உருண்டைக் கல்லைத் தோளுக்கு உயர்த்தும் வீரவிளையாட்டை உடையர். 1901, 1902-ஆம் ஆண்டுகளில் இங்கு ஆராய்ந்து 1906-இல் அவர்களைப் பற்றி நூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்னும் அறிஞர், கற்களாலமைந்த இடுக்கு வழியே சிறுவர் விரைந்து நுழைந்து செல்லும் ஆட்டத்தைக் குறித்துள்ளார். கோத்தரின் குழலுக்கும் முழவுக்கும் இசையப் படகர் வட்டமிட்டு ஆடும் ஆட்டமோ, அடிவைப்பையும் தாளத்தையும் ஒருங்கே பயிற்றுவது. இவை யாவும் ஒரு சிறு முற்றத்தில் அடங்குவனவே.

அசைவும் கல்வியும்

பெற்றோர் பலர்க்குள்ள அச்சம், விளையாட்டு மணியால் பாடம் குறைந்து மதிப்பெண் தாழுமோ என்பது. இவ்வச்சத்தை நகையாடி ஒதுக்குதல் தகாது. அவர்கட்குப் பிள்ளையின் தேர்வே குடும்பத்தின் நம்பிக்கை. ஆதலின் சோதித்தறிந்தவற்றையே கூறுவோம்.

கனடா தேசத்துக் கியூபெக் மாகாணத்தில் 1970 முதல் 1977 வரை ஒரு பெருஞ்சோதனை நடைபெற்றது. ட்ருவா-ரிவியேர் ஆராய்ச்சி என்பது அதன் பெயர். 546 தொடக்கப்பள்ளி மாணாக்கர் அதில் ஆராயப்பட்டனர். ஒரு பகுதியார்க்கு வாரம் ஐந்து மணி, பயிற்சி பெற்ற ஆசிரியரால் தேகப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதற்கென அவர்களது பாட நேரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. அங்ஙனம் குறைத்தும் அவர்கள் கல்வியில் பின்தங்கவில்லை. மேல் வகுப்புக்களில் சிறிது முந்தியும் நின்றனர். 2009-இல் அமெரிக்க அறிஞர் ஹில்மனும் உடனுழைப்பாளரும் இருபது பிள்ளைகளைக் கொண்டு வேறொரு சோதனை செய்தனர். இருபது நிமிடம் நடந்தபின் அப்பிள்ளைகள், வாளாவிருந்தபின் செய்ததினும் கவனத்தோடும், படித்ததன் பொருளைத் தெளிவாக உணர்ந்தும் விடையளித்தனர். இது சிறிய சோதனையாதலின் இதனைக் கொண்டு, ஓடினால் அறிவு பெருகுமென்று பறைசாற்றுதல் மிகை. விளையாட்டுக்குக் கொடுத்த மணி பாடத்தினின்றும் திருடப்பட்ட மணி அன்று என்பதை மட்டும் துணிந்து கூறலாம். ஐந்து முதல் பதினேழு வயதினர்க்கு நாள்தோறும் சராசரி அறுபது நிமிடமேனும் உடலியக்கம் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

குறுகிய முற்றத்தில் ஒரு பாடம்

காற்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. வாலிபால் களமோ 18 மீட்டருக்கு 9 மீட்டர். முன்னதன் பரப்பில் பின்னது நாற்பத்து நான்கு அடங்கும். ஆடவர் சடுகுடுக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டரே. ஆகவே வாலிபால் களமளவு முற்றமும், நாற்பது பிள்ளைகளும், நாற்பது நிமிடமும் உள்ள பள்ளியொன்றை மனத்திற்கொண்டு ஒரு பாடத்தை வகுத்துக் காட்டுகின்றோம்.

முதல் எட்டு நிமிடம், உடலைச் சூடேற்றும் பயிற்சி: நடை, மெல்லோட்டம், தாளத்திற்கேற்ற அடிவைப்பு. அடுத்த இருபது நிமிடம், பிள்ளைகளைப் பத்துப் பேராக நான்கு குழுக்களாக்கி, நான்கு மூலைகளில் நான்கு பயிற்சிகள்: ஒரு மூலையில் இருவர் இருவராகத் துணிப்பந்தை எறிந்து பிடித்தல், மற்றொன்றில் தரையிற் கிழித்த கோட்டின்மேல் சமநிலையோடு நடத்தல், மூன்றாவதில் கயிறு தாண்டல், நான்காவதில் தாழ்ந்த படியினின்றும் குதித்து முழங்கால் மடித்து ஓசையின்றி இறங்குதல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறுக. பின் எட்டு நிமிடம் சடுகுடு போன்ற ஓர் ஆட்டம். இறுதி நான்கு நிமிடம் மூச்சை அமைதிப்படுத்தி, அன்று கற்றதை ஒருவரையொருவர் வினவுதல்.

குழுவாகப் பிரிப்பதன் பயனைக் கணக்கிட்டுக் காண்க. நாற்பது பேர்க்கும் ஒரே பந்து என்று வைத்து வரிசையில் நிறுத்தினால், ஒரு முறைக்கு ஐந்து வினாடி வீதம் இருபது நிமிடத்தில் 240 முறை. ஆளுக்கு ஆறு முறையே பந்து கைக்கு வரும். பத்துப் பேர்க்கு ஐந்து துணிப்பந்துகள் கொடுத்து இருவர் இருவராக நிறுத்தினாலோ, ஐந்தே நிமிடத்தில் ஆளுக்கு முப்பது முறை வாய்ப்புக் கிட்டும். காலம் கால் பங்கு. பயிற்சி ஐந்து மடங்கு. துணிப்பந்து தைக்கப் பழந்துணியும் நூலுமே வேண்டும்; அது சரிவில் நெடுந்தூரம் உருண்டோடாது என்பதும் ஒரு நன்மை.

மழை நாளில் வகுப்பறையிலேயே மேசைகளுக்கிடையே நின்று சமநிலைப் பயிற்சியும் தாளப் பயிற்சியும் செய்யலாம். ஊனமுற்ற பிள்ளையை மதிப்பெண் குறிக்க உட்கார வைத்தல் கூடாது. அமர்ந்தவாறே எறிந்து பிடித்தலும் பயிற்சியே. பெண்பிள்ளைகள் வயது வந்ததும் விளையாட்டை விட்டு விலகுமாறு நேர்வதற்கு நாணம் மட்டும் காரணமன்று. உடை மாற்ற மறைவிடம் இன்மையும், களம் முழுதையும் ஆண்பிள்ளைகளே பற்றிக் கொள்ளுதலும் காரணங்களாம். இவ்விரண்டையும் திருத்துதல் பள்ளித் தலைவர் கையில் உள்ளது.

மேட்டுப்பாளையத்தினின்றும் குன்னூர்க்கு 1899-இல் வந்த மலை இரயில், கல்லாறு தாண்டியதும் வெறும் சக்கரத்தால் ஏறுதல் இல்லை. தண்டவாளத்தின் நடுவே பதித்த பற்களைப் பல்சக்கரம் ஒவ்வொன்றாகப் பற்றியே பன்னிரண்டடிக்கு ஓரடியாக உயர்கின்றது. பிள்ளையின் உடற்கல்வியும் இத்தன்மைத்தே; ஒவ்வோர் அசைவும் அடுத்ததற்குப் பற்றுக்கோடு. நடுவே ஆண்டு ஒன்று பல் இழந்து போமாயின் ஏற்றம் அங்கே நின்றுவிடும். ஆதலின், இக்கலாசாலையினின்றும் பள்ளிகளுக்குச் செல்லும் நண்பர்காள், மைதானம் கிட்டும் நாளை எதிர்நோக்கிக் காத்திராது, கால அட்டவணையில் உள்ள அந்த ஒரு மணியைக் காத்து, கிடைத்த முற்றத்தில் நாளையே தொடங்குவீராக.